கல்லு நம்மது, கணக்கு யாருது?

ஒரு சின்னக் கேள்வி. உங்க ஊர்ல நிலத்துக்கு அடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தண்ணிய விடுங்க, அது எப்பவோ கீழே போயிடுச்சு. அதைத் தவிர?

எனக்குத் தெரியும். எங்க ஊர்ல இருக்கறது கல்லு.

மருங்காபுரி பக்கத்துல ஒரு சின்னக் கிராமம் எங்களோடது. ஹாஸ்டல்ல யாராவது ஊரைக் கேட்டா, "மணப்பாறை தெரியுமா?"ன்னு ஆரம்பிப்பேன். உடனே "முறுக்கு!" என்பார்கள். அதுக்கு மேல பேச்சு நகராது. இந்தக் கட்டுரையில முறுக்கு வராது. கல்லு மட்டும்தான்.

ஊருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குவாரி இருக்கு. சாயந்திரம் வெடி வைப்பாங்க. அப்பத்தா வீட்டுச் சுவர்ல ஒரு விரிசல். வருஷா வருஷம் சிமெண்ட் பூசுறோம், வருஷா வருஷம் அது திரும்ப வருது. அதே குவாரியிலிருந்து ஜல்லி ஏத்திட்டுப் போற டிப்பர் ஒண்ணை ஓட்டுறவர் என் மாமா. என் முதல் வருஷ ஃபீஸ்ல பாதி அந்த டிப்பர் சம்பளத்துல வந்தது. அதனால "குவாரியை மூடு"ன்னு நான் சுலபமா கோஷம் போட முடியாது. "ஊரு வளருது, பேசாம இரு"ன்னு அப்பத்தாகிட்டேயும் சொல்ல முடியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னுதான் இதை எழுதுறேன்.

மண்ணுக்கடியில் செல்வம் இருக்கிற ஊர் ஏன் பெரும்பாலும் ஏழையாகவே இருக்கு? இதை உலகமே ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1993-ல் ரிச்சர்ட் ஆட்டி என்ற பொருளாதார அறிஞர் இதற்கு ஒரு பேர் வைத்தார். தமிழில் 'வளச் சாபம்' எனலாம். எண்ணெய், வைரம், தாமிரம் என்று அள்ளிக் கொடுக்கும் நாடுகள் பலவற்றில் வளர்ச்சி மந்தமாக இருக்கிறது, ஆட்சி ஒரு சிலர் கையில் சிக்கிக்கொள்கிறது. எதுவுமே இல்லாத நாடுகள் சில அவற்றைத் தாண்டி ஓடுகின்றன.

இதுக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அதை நம்ம மெஸ்ஸை வைத்தே சொல்லலாம்.

மெஸ் பில் நாம கட்டுறோம். அதனால சாம்பார் தண்ணியா இருந்தா தட்டைத் தூக்கிட்டு வார்டன் ரூமுக்குப் போறோம். மெஸ் கமிட்டி போடுறோம், கணக்கு நோட்டைப் புரட்டுறோம். இப்போ ஒரு பேச்சுக்கு, யாரோ ஒரு பணக்காரர் நாலு வருஷச் சாப்பாட்டுச் செலவையும் ஏத்துக்கிட்டார்னு வைங்க. நாம கேள்வி கேட்போமா? கேட்டாலும் மெஸ் நடத்துறவர் நமக்கா பதில் சொல்வார், அந்தப் பணக்காரருக்கா?

அரசாங்கமும் அப்படித்தான். மக்கள் கிட்ட வரி வாங்கி நடக்கும் அரசு என்றைக்காவது மக்களுக்குக் கணக்குச் சொல்லித்தான் ஆகணும். பூமியைத் தோண்டினாலே பணம் வந்துவிடும் அரசுக்கு மக்களின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. படித்த, ஆரோக்கியமான, தொழில் செய்கிற மக்கள் இருந்தால்தான் கஜானா நிறையும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. கிணறும் குழியும் இருந்தால் போதும்.

ஆப்பிரிக்காவில் ஈக்குவடோரியல் கினி என்றொரு குட்டி நாடு. மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. 1990-களின் நடுவில் அங்கே கடலுக்கடியில் பெரிய அளவில் எண்ணெய் கிடைத்தது. சராசரி வருமானம் காகிதத்தில் எங்கேயோ ஏறியது. ஆனால் 1979-ல் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த தியோடோரோ ஒபியாங்தான் இன்றைக்கும் அதிபர். துணை அதிபர் அவர் மகன். பொதுப் பணத்தைச் சுருட்டி பிரான்சில் சொத்து சேர்த்ததற்காக 2017-ல் பாரிஸ் நீதிமன்றம் அந்த மகனைக் குற்றவாளி என்று அறிவித்தது. சாதாரண மக்கள் பலர் வறுமையில்தான் இருக்கிறார்கள்.

அதே கண்டத்தில் போட்ஸ்வானா. 1966-ல் சுதந்திரம் கிடைத்தபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. நாடு முழுக்கத் தார்ச்சாலை 12 கிலோமீட்டர், பட்டதாரிகள் 22 பேர் என்று சொல்வார்கள். நம்ம கிளாஸ்ல பாதி! அடுத்த வருஷமே ஓராபா என்ற இடத்தில் வைரம் கிடைத்தது. அது கிடைத்த நிலம் பாங்வாட்டோ என்ற இனக்குழுவின் பகுதி. நாட்டின் முதல் அதிபர் செரெட்ஸே காமா அதே இனக்குழுவின் தலைமைக் குடும்பத்துக்காரர். "எங்க நிலம், எங்க வைரம்" என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் 1967-ல் கனிமங்கள் எல்லாம் நாட்டுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. பிறகு டீ பியர்ஸ் நிறுவனத்துடன் சரிபாதிப் பங்குக்குப் பேசி முடித்தார்கள். பணம் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. முப்பது வருஷத்துக்கு மேல் உலகத்திலேயே வேகமாக வளர்ந்த பொருளாதாரங்களில் ஒன்றாகப் போட்ஸ்வானா இருந்தது.

இது எப்படி முடிந்தது? ஆராய்ச்சியாளர்கள் சுட்டும் காரணங்களில் ஒன்று 'கோட்லா'. அது ஊர்ப் பொதுக்கூட்டம். தலைவர் நடுவில் உட்காருவார், ஊர்க்காரர்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம், விமர்சிக்கலாம். வைரம் வருவதற்குப் பல தலைமுறைகள் முன்பே அந்தப் பழக்கம் அங்கே இருந்தது. பணம் வந்தபோது கணக்குக் கேட்க ஆள் தயாராக இருந்தது.

போட்ஸ்வானா சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்றத்தாழ்வு அதிகம். கலஹாரியின் சான் பழங்குடிகளை அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றியது தப்பு என்று 2006-ல் அந்த நாட்டு நீதிமன்றமே சொன்னது. வைர விலை சரிந்தால் நாடே ஆட்டம் காணும். 58 வருஷம் ஒரே கட்சி ஆண்டது. ஆனால் 2024 அக்டோபர் தேர்தலில் அந்தக் கட்சி தோற்றதும், அமைதியாக ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஈக்குவடோரியல் கினியில் இது நடக்கும் என்று நினைக்கிறீர்களா?

"சரி, நம்ம நாட்டுலதான் ஜனநாயகம் இருக்கே, அப்புறம் என்ன?"ன்னு கேட்பீங்க.

என் ரூம்மேட் ஜார்க்கண்ட்காரன். தன்பாத் பக்கம். அவன் ஊருக்கு அடியில் நிலக்கரி, அவன் மாநிலத்தின் வேறு மாவட்டங்களில் இரும்பு, தாமிரம், யுரேனியம். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் ஜார்க்கண்ட் மக்களில் 42.16 சதவீதம் பேர் ஏழைகள். தமிழ்நாட்டில் 4.89 சதவீதம். ரெண்டு பேருக்கும் ஒரே அரசியல் சட்டம், ஒரே ஓட்டு மெஷின். தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்கு ஒரு ரயில் இருக்கு. சேலம், ஈரோடு, திருப்பூர் வழியா வரும். கரியை வெச்சிருக்கிற ஊர்க்காரங்க வேலை தேடி அதுல ஏறி, கரியே இல்லாத ஊர்ல இறங்குறாங்க.

இதுல நமக்கும் ஒரு பங்கு இருக்குன்னு அவன்தான் எனக்குச் சொன்னான். 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று மத்திய அரசின் கொள்கை ஒன்று இருந்தது. அதன்படி நிலக்கரி, இரும்பு போன்றவை தொலைதூர மாநிலங்களிலும் ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைத்தன. சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை வைப்பதால் வரும் லாபம் போய்விட்டது. ஆலைகள் துறைமுகமும் சந்தையும் இருக்கும் மாநிலங்களைத் தேடி வந்தன. தமிழ்நாடு வளர்ந்ததற்குப் படிப்பும் சத்துணவும் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் அவன் ஊர்க் கரியும் நம்ம வளர்ச்சியில எரிஞ்சிருக்கு. அந்த முடிவை எடுத்தபோது தன்பாத்தில் யாரையும் கேட்டிருக்க மாட்டாங்க.

அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போடுவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். எந்தக் குழியைத் தோண்டுவது, எவ்வளவு, பணம் எங்கே போகும் என்று குழிக்குப் பக்கத்தில் இருக்கிறவன் கேட்கவும், பதில் வாங்கவும் முடியணும். அந்த ஜனநாயகம்தான் கல்லைக் காசாக்கும், காசை வளர்ச்சியாக்கும்.

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

மருங்காபுரி ஒரு காலத்தில் ஜமீன். காடு, கரை, குளம் எல்லாம் ஜமீனுக்கு. 1948-ல் சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 3-ஆம் பிரிவு, ஜமீன் எஸ்டேட்டில் எதெல்லாம் அரசுக்குப் போகும் என்று ஒரு பட்டியல் போடுகிறது. தரிசு, மேய்ச்சல் நிலம், காடு, ஆறு, குளம், ஊருணி. அந்தப் பட்டியலில் சுரங்கம், கனிமம், கல்குவாரியும் உண்டு. போட்ஸ்வானா 1967-ல் செய்ததற்கு 19 வருஷம் முன்னாலேயே நம்ம ஊர் ஜமீன் கல்லு மக்களோட அரசாங்கத்துக்கு வந்துடுச்சு! சட்டம் அருமை. ஆனா ஜமீன்கிட்ட இருந்து அரசாங்கத்துக்கு வந்த கல்லு, அங்கிருந்து ஊருக்கு வந்துச்சா?

துவரங்குறிச்சியிலிருந்து மதுரை ரோட்டில் கொட்டாம்பட்டி தாண்டினால் மேலூர். அங்கே கிடைக்கும் கிரானைட் உலகம் முழுக்க ஏற்றுமதியாகும். 2012-ல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம், சட்டவிரோதக் கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். பிறகு 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015-ல் அவர் கொடுத்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. குளங்களும் கால்வாய்களும் கழிவுக் கல்லுக்கு அடியில் போன கதை தனி. அத்தனை வருஷமும் தேர்தல் ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருந்தது. ஓட்டு இருந்தது, கணக்கு இல்லை.

அதே மேலூரில் 2024-ல் வேறு ஒன்று நடந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக், சுமார் 2,015 ஹெக்டேர், ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போனதாக நவம்பர் 7 அன்று மத்திய அரசு அறிவித்தது. அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் இருக்கும் மலை.

நவம்பர் 23 அன்று கிராம சபை நடந்த நாள். மேலூர்ப் பகுதி ஊராட்சிகள் வரிசையாகத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. ஒரு கிராம சபை நோட்டில் எழுதிய நாலு வரி ரெண்டே மாசத்தில் டெல்லியை அசைத்தது. ஒடிசாவின் நியமகிரியில் 2013-ல் பன்னிரண்டு கிராம சபைகள் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றதும் இதே மாதிரிதான்.

இங்கே ஒரு நண்பர் மடக்கினார். "எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னா நாடு எப்படிடா வளரும்? நம்ம ஒர்க்ஷாப் லேத்துல இருக்கற கார்பைடு டூல் எதுலேர்ந்து வருது? டங்ஸ்டன்தானே?"

நியாயமான கேள்வி. டங்ஸ்டன் வேணும், ஜல்லி வேணும், இந்தக் கட்டுரையை நீங்க படிக்கிற போனுக்கு இன்னும் எத்தனையோ கனிமம் வேணும். நான் சொல்றது, ஏலம் விட்ட பிறகு ஊருக்குத் தகவல் சொன்னா ஊர் "வேண்டாம்"னுதான் சொல்லும். அதுக்கு வேற வழியே கொடுக்கல. முன்னாடியே கேட்டிருந்தா அரிட்டாபட்டியை விட்டுடலாம்னோ, வேற இடம் பார்க்கலாம்னோ, வேண்டவே வேண்டாம்னோ ஒரு பதில் அப்பவே கிடைச்சிருக்கும். ஏலமும் மிச்சம், போராட்டமும் மிச்சம். சீக்கிரம் கேட்டால் ஜனநாயகம் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேட்காமல் விட்டதன் விலைக்குத் திருச்சியிலேயே ஒரு சாட்சி. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பில் 1836-ல் கட்டிய கொள்ளிடம் மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. ஆற்று மணலை வகைதொகையில்லாமல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். அரசு மறுத்தது. யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் எந்த வருஷம், எந்த இடத்தில், எத்தனை லோடு போனது என்று ரெண்டு தரப்பும் நம்பும் ஒரு கணக்கு கையில் இருந்திருந்தால், அந்தச் சண்டை ஒரே நாளில் முடிந்திருக்கும்.

கணக்கு என்றதும் அது ஆடிட்டர் வேலை என்று நினைக்காதீங்க. அது நம்ம வேலை.

ஒரு குவாரிக் குழி 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம்னு வைங்க. சரிவு, படிக்கட்டு வெட்டு எல்லாம் விட்டுட்டுப் பெருக்கினா 1,20,000 கன மீட்டர். கருங்கல்லின் அடர்த்தி கன மீட்டருக்கு 2.65 டன். மொத்தம் 3,18,000 டன். ஒரு டிப்பர் 20 டன் ஏத்தும்னா, 15,900 லோடு. அப்போ 15,900 நடைச்சீட்டு இருக்கணும், இல்லையா? சர்வேயிங் பேப்பர்ல அரியர் வெச்சவன்கூட இந்தக் கணக்கைப் போடலாம். சகாயம் குழு செய்ததும் அடிப்படையில் இதுதான். வெட்டிய கல்லையும் அனுமதித்த கல்லையும் அளந்து, ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை எழுதினார்கள்.

காகிதங்களும் நாம நினைக்கிற அளவுக்கு ரகசியம் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி விவரங்கள் 'பரிவேஷ்' இணையதளத்தில் கிடைக்கும், எவ்வளவு வெட்டலாம் என்ற அளவு உட்பட. குழி வருஷா வருஷம் எவ்வளவு அகலமாச்சுன்னு கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னால் தள்ளிப் பார்க்கலாம். ஆழம் அதில் தெரியாது, அதைக் கேட்டுத்தான் வாங்கணும். அதுக்குப் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. 2015-ல் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று கொண்டு வந்தார்கள். சுரங்கம் எடுப்பவர்கள் ராயல்டியோடு சேர்த்து ஒரு பங்கை அதில் கட்டணும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு அந்தப் பணம் போகணும், குடிநீர், சுகாதாரம், படிப்புக்கு முன்னுரிமை தரணும். உங்க மாவட்டத்துல அதுல எவ்வளவு இருக்கு, போன வருஷம் எந்த ஊருக்குப் போச்சு? தெரியாதுன்னா, உங்களுக்கு முதல் வேலை கிடைச்சாச்சு.

போன சுதந்திர தினத்துக்கு நான் ஊர்ல இருந்தேன். முதல் தடவையா கிராம சபைக்குப் போனேன். வேப்பமரத்தடியில் அறுபது எழுபது பேர், பாதிக்கு மேல நூறு நாள் வேலை அட்டையோட வந்த பெண்கள். தலைவர் நாற்காலி இல்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு திருச்சி உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். கணக்குக் கேட்கத்தான் அந்தச் சபை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நாம் ஓட்டுப் போட்டவர் இல்லை.

எழுந்து நின்று கேட்டேன். குவாரியால நம்ம ஊராட்சிக்குப் போன வருஷம் எவ்வளவு வந்தது? கை நடுங்குச்சு, வைவாவுக்குக்கூட அப்படி நடுங்கினதில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசல. "எழுதிக் கொடுங்க தம்பி, பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி அப்பத்தா குரல் கொடுத்தது. கூட இன்னும் நாலு பேர் கொடுத்தாங்க. பதிவானது.

மாமா அன்னைக்கு ராத்திரி என்கிட்ட சரியாப் பேசல. மறுநாள் காலையில, டிப்பர் எடுக்கறதுக்கு முன்னாடி வந்து, "ஒரு நாளைக்கு எத்தனை லோடு போகுதுன்னு வேணும்னா நான் சொல்றேன். என் பேரு வரக்கூடாது" என்றார்.

நான் பேர் போடல. பதில் இன்னும் வரல. ஆனா கேள்வி பதிவேட்டில் நம்பரோட இருக்கு. அடுத்த கூட்டத்தில் அது என்னாச்சுன்னு கேட்கலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள் இவை. இதில் பல நாள் நமக்கு லீவு. எப்படியும் ஊருக்குத்தான் போவீங்க. அடுத்த தடவை காலையில பத்து மணி வரைக்கும் தூங்காம, ஒரே ஒரு கேள்வியோட போங்க. ஊர்ல குவாரி இல்லைன்னா ஏரி மண் இருக்கும், ஆத்து மணல் இருக்கும், எதுவுமே இல்லைன்னா போர் தண்ணி இருக்கும். எவ்வளவு எடுத்தாங்க, எவ்வளவு கொடுத்தாங்க, யார் எழுதி வெச்சாங்க?

நாலு வருஷம் கழிச்சு நம்மில் சிலர் இந்தக் குழிகளை அளந்து கையெழுத்துப் போடற இடத்துல இருப்போம். குழியோட விளிம்புல நின்னு கேள்வி கேட்ட அனுபவம் ஒரு தடவையாவது இருந்தா, அன்னைக்கு அந்தக் கையெழுத்து கொஞ்சம் யோசிச்சுத்தான் விழும்.